பாலுக்குப் பதில் என்ன, கோதுமைக்குப் பதில் என்ன?

(ஒரு மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். என் அறைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். ‘பால் தவிர்க்கவும்’, ‘கோதுமை கூடாது’, ‘முட்டை வேண்டாம்’ என்று டாக்டர் எழுதியிருப்பார். எழுதியது சரிதான். ஆனால் சீட்டின் பின்பக்கம் காலியாக இருக்கும். வேண்டாம் என்றதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது, அது நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, வாங்குகிற சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பதெல்லாம் அந்தப் பின்பக்கத்தில் எழுத வேண்டிய சங்கதிகள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இதற்கென்றே ஓர் அலமாரி வைத்திருக்கிறார்கள். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். அந்த அலமாரியில் ஒரு லிட்டர் பாதாம் பால் 200 ரூபாயைத் தாண்டும். டப்பாவைத் திருப்பி, அதில் பாதாம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பெரும்பாலும் ஐந்துக்குக் கீழேதான் இருக்கும், மற்றது தண்ணீர். அந்த அலமாரி முழுக்க இப்படித்தான்: பால் மாதிரி ஒன்று, ரொட்டி மாதிரி ஒன்று, வெண்ணெய் மாதிரி ஒன்று. அந்த ‘மாதிரி’க்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். நம் சமையலிலோ பாலோ கோதுமையோ முட்டையோ ஆதியிலிருந்தே சேராத பண்டங்கள் எக்கச்சக்கம். அவற்றைக் கொண்டே சமாளித்துவிடலாம் என்பது என் கட்சி.

மாற்று தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உண்மையிலேயே ஒவ்வாமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகக் காசு மிச்சமாவது அங்கேதான். கத்திரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது, கருவாடு சாப்பிட்டால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக வருகிறது என்றால் ‘கரப்பான் பண்டம்’ என்று நம் பாட்டிமார்கள் ஒதுக்கிவைப்பார்கள். அதில் பாதி நிஜம். சரியாக ஐஸ் போடாத மீனில் ஹிஸ்டமின் சேரும். அதைச் சாப்பிட்டால் ஒவ்வாமையே இல்லாத ஆளுக்கும் முகம் சிவந்து ஊறல் எடுக்கும். அடுத்த வாரம் நல்ல மீன் வாங்கிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதற்காக ஆயுளுக்கும் மீனை விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஏதோ ஓர் உணவுக்கு எதிராக ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். அதே பொருளைச் சாப்பிட்டதும் தொந்தரவு வந்தது என்று சொன்னவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது அது நூற்றுக்கு 1.2 ஆகச் சுருங்கியது. ஆகவே ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததை மட்டும் வைத்து ஓர் உணவை விலக்கினால், விலக்கத் தேவையே இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் பட்டினி கிடப்பார்கள். இதிலும் மோசமானது நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ‘ஐஜிஜி’ என்ற வேறோர் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பரிசோதனை. சாப்பிட்ட உணவுக்கு ஐஜிஜி உண்டாவது இயல்பு. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை கேழ்வரகு வாங்கலாம்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று ஒவ்வாமை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓர் உணவின் புரதத்தை எதிரியாக நினைத்துப் பாய்வது. துளி போதும். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, மூச்சு முட்டல் எல்லாம் நிமிஷங்களில் வரும். தொண்டை அடைத்தாலோ மூச்சு இளைத்தாலோ மஞ்சள் தண்ணீர், எலுமிச்சை என்று நேரம் கடத்தாமல் 108-க்குப் போன் போட வேண்டும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். மற்றது ஒத்துக்கொள்ளாமை. செரிக்கும் திறன் போதாததால் வயிறு உப்புசம், கடமுட, பேதி. இதில் ஆபத்து இல்லை, அவஸ்தைதான் உண்டு. அளவுதான் இங்கே கணக்கு. ஒவ்வாமைக்காரருக்கு ஒரு சொட்டுகூட ஆகாது. ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒரு டம்ளர் வரை ஆகலாம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பணமும் போகிறது, உயிரும் போகிறது.

பாலுக்கு வருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வந்தார்கள்.

பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ், நூறு மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம். அதை உடைக்கும் நொதி கைக்குழந்தைகளுக்கு நிறையச் சுரக்கும், வளர வளரக் குறையும். பெரியவர்களான பிறகும் அது குறையாமல் சுரப்பது வட இந்தியாவில் அதிகம், தெற்கே குறைவு. எனவே நம்மில் பெரும்பாலோருக்குப் பால் கொஞ்சம் மந்தம் செய்தால் அது நோயே அல்ல, உடம்பின் சுபாவம். பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை சிரமமில்லாமல் தாங்குகிறார்கள். டபராவில் ஆற்றிக் குடிக்கும் காபியில் 100 மில்லி பால் இருந்தால் 5 கிராம். ஆக, காபிக்குத் தடையில்லை. அவையில் இப்போது கேட்ட பெருமூச்சை நான் குறித்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் ஒரு சொம்பு பால் குடிப்பதுதான் வம்பு. சாப்பாட்டோடு சேர்ந்தால் தாங்கும். தயிரில் புளிக்கவைத்த நுண்ணுயிர்களே லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், குடலில் போயும் கொஞ்சம் உதவும். மோருக்குத் தண்ணீர் விடுவதால் இன்னும் குறையும். நெய்யில் அநேகமாக இல்லை. பால்கோவாவில் மட்டும் பாலைச் சுண்டக் காய்ச்சியிருப்பதால் லாக்டோஸும் சுண்டியே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அளவோடு வாங்குங்கள்.

குழந்தைகளுக்குக் கடும் பேதி வந்துபோன பிறகு சில வாரங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியதும் சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களுக்காக ‘என் பிள்ளைக்குப் பால் ஆகாது’ என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பால் ஒவ்வாமை வேறு கதை. இங்கே எதிரி புரதம். நெய்யில்கூட அதன் எச்சம் இருக்கலாம் என்பதால் கோயில் சர்க்கரைப் பொங்கலுக்கும் யோசிக்க வேண்டும். என் அறையில் அடிக்கடி நடந்த பேச்சு இது:

“ஆட்டுப் பால் குடுக்கலாங்களா மேடம்? எங்க மாமியார் வீட்ல ரெண்டு ஆடு நிக்குது.”

“வேண்டாம்மா. மாட்டுப் பால் ஆகாத பிள்ளைக்கு ஆட்டுப் பாலும் பெரும்பாலும் ஆகாது.”

“அப்போ எருமைப் பாலு?”

“அதுவும் அதே கதைதான்மா.”

“கழுதைப் பால்காரன் தெருவுல வர்றானே மேடம்.”

கடைசிக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். கழுதைப் பாலின் புரதம் மாட்டுப் பாலின் புரதத்திலிருந்து ரொம்பவே மாறுபட்டது. இத்தாலியில் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு டாக்டர்கள் கண்முன்னே கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் தெருவில் நடப்பது அதுவல்ல. கறந்த சூட்டில், காய்ச்சாமல், ஒரு சங்கு 50 ரூபாய் என்று ஊற்றிவிட்டுப் போகிறார்கள். காய்ச்சாத பாலில் வரும் கிருமி கைக்குழந்தைக்குத் தாங்காது. கழுதைப் பாலில் கொழுப்பும் மிகக் குறைவு, பிள்ளை எடை போடாது. காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலுக்கோ டாக்டர் எழுதிக்கொடுக்கும் சிறப்புப் பால் மாவுக்கோ வீட்டில் மாற்று கிடையாது. கஞ்சித் தண்ணீரும் இல்லை, தேங்காய்ப் பாலும் இல்லை, கடலைப் பாலும் இல்லை. அரிசியில் செய்த பானத்தையே பால் என்று நம்பிக் கொடுத்த குழந்தைக்குப் புரதக் குறைவால் உடம்பு வீங்கிப்போனதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று 2001-இல் வெளியிட்டது. வசதியான வீட்டுக் குழந்தை அது. சிறப்புப் பால் மாவு விலை அதிகம்தான், மறுக்கவில்லை. தாய்ப்பால் கொடுக்கிற அம்மா தன் சாப்பாட்டில் பாலை நிறுத்தினாலே பல குழந்தைகளுக்குச் சரியாகிவிடும். டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

ஒரு வயது தாண்டிவிட்டால் சமையலறை உங்கள் கையில். ஒரு வீட்டில் மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட்டால், அதே சாயலில் இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். மூன்று வேலைக்கும் மூன்று பேரைப் பிடிப்போம். பாலும் அப்படித்தான். பால் சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது, புரதத்தைத் தருகிறது, சாப்பாட்டைக் குளிர்ச்சியாக முடித்துவைக்கிறது. மூன்றையும் ஒரே டப்பாவில் தேடினால்தான் அந்த அலமாரிக்குப் போக வேண்டியிருக்கும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகை நம்பலாம். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். நூறு மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்கு. கேழ்வரகில் இருப்பதெல்லாம் உடம்பில் சேராது. ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும். ராத்திரி கரைத்து வைத்து மறுநாள் காய்ச்சும் கூழின் கணக்கு அதுதான். முருங்கைக் கீரை, எள்ளுப்பொடி, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி இவையெல்லாம் கூடச் சேரட்டும். பாலைப் போல ஒரே மூச்சில் குடித்து முடிக்கிற காரியம் இல்லை, மூன்று வேளையிலும் பிரித்துப் போட வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். மற்ற மாவட்டக்காரர்கள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் சாமை, வரகு விலையைப் பார்த்தால் கேழ்வரகு விலை எவ்வளவோ தேவலை. சிறுதானியம் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். உமி நீக்குவது கஷ்டமான தானியங்கள்தான் விலை ஏறியவை. கேழ்வரகும் கம்பும் சோளமும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

புரதத்துக்குப் பருப்பு இருக்கிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பால் மாதிரிதான் வேண்டும், பிள்ளை டம்ளரைக் கேட்டு அழுகிறான் என்றால் கடலைப் பால் செய்யுங்கள். பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். நூறு கிராம் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் தேய்த்துத் தோலை நீக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். மெல்லிய துணியில் பிழிந்தால் அரை லிட்டர் வரும். அடுப்பில் வைத்ததும் நுரை பொங்கிக்கொண்டு வரும், அதை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள், பச்சை வாடை போய்விடும். ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டால் கண்டுபிடிக்க முடியாது. செலவு 15 ரூபாய்ச் சொச்சம். நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது, அதில் பெரும் பங்கு பாலுக்கு வந்துவிடும். சக்கையைத் தூக்கிப் போடாமல் அடை மாவில் கலந்துவிடுங்கள். சுருங்கினது, பூஞ்சை பிடித்தது மட்டும் பொறுக்கி எறிய வேண்டும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும்.

இந்தக் கடலைப் பாலைத் தயிராகவும் தோய்க்கலாம். உறைக்குப் பால் தயிர் ஊற்ற முடியாதே என்பீர்கள். பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்தைக் கிள்ளிப் போட்டு, வெதுவெதுப்பான பாலை மூடி வையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துவிடும். முதல் தடவை கொஞ்சம் மந்தமாகத் தோயும். அதிலிருந்து எடுத்து அடுத்ததற்கு உறை குத்தினால் கெட்டியாக வரும். தயிர்சாதம் என்று சொல்லிப் பரிமாறலாம். கடுகு தாளித்து மாங்காய் ஊறுகாய் வைத்துவிட்டால் பிள்ளை ஒன்றும் கேட்காது. இதுவும் வேண்டாம் என்றால் நீராகாரம் இருக்கிறது. தயிருக்கு வழியில்லாத வீடுகளில் புளிப்பும் குளிர்ச்சியுமாக அதுதான் சாப்பாட்டை முடித்துவைத்தது.

ஒன்றுக்கு மட்டும் சமையலறையில் பதில் இல்லை. பாலும் இல்லாமல், மீன், முட்டை, கறியும் இல்லாமல் இருப்பவர்களுக்கு பி12 வைட்டமின் வராது. பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மாத்திரை மலிவு, டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கெட் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம். சைவத்தில் பால் உண்டு. பிஸ்கட், பன், சூப் பொடி, சிப்ஸ் மசாலா வரைக்கும் பால் பவுடர் நுழைந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியம், சல்ஃபைட் ஆகியவை இருந்தால் பாக்கெட்டில் தனியாகச் சொல்லியாக வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவில் இரண்டும் இருக்கின்றன, அமெரிக்காவில் 2023 முதல் எள்ளைச் சேர்த்துவிட்டார்கள். எள்ளுருண்டை தின்று வளர்ந்த நாட்டில் அது விட்டுப்போனது எனக்கு ஆச்சரியம்தான்.

அடுத்தது கோதுமை. சீலியாக் என்றொரு நோய். குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் பட்டால் சிறுகுடலின் உள்சுவர் தேய்ந்துபோகும். பிள்ளை வளராது, ரத்தசோகை தீராது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்தபோது இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். கோதுமையின் மேல் முன்பே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1950-இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். அதற்கு முன்பு, 1924 முதல், நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைக் கொடுத்துத் தேற்றிவந்தார். குணம் வந்தது உண்மை. பெயர் வாழைப்பழத்துக்குப் போனது. வேலை செய்தது தட்டில் ரொட்டி இல்லாதது.

இந்தியாவில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே 0.10. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சாப்பிடும் கோதுமைதான் வேறு: வடக்கே நாளைக்கு 455 கிராம், தெற்கே 25. இப்போது நம்மிடமும் காலையில் ரவா உப்புமா, சாயங்காலம் பப்ஸ், ராத்திரி ‘சுகர் இருக்கிறது’ என்று சப்பாத்தி. அந்த 25 கூடிக்கொண்டுதான் போகும்.

சந்தேகம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும்.

நோய் உறுதியானால், இந்த நோயோடு வாழ உலகத்திலேயே மலிவான இடங்களில் தமிழ்நாடும் ஒன்று என்று தைரியமாகச் சொல்வேன். அரிசி ரேஷனில் இலவசம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், கொழுக்கட்டை, அடை எதிலும் கோதுமை இல்லை. ரவைக்குப் பதில் அரிசி உப்புமா. சேமியா பாயசத்துக்குப் பதில் சேலத்து ஜவ்வரிசி, அல்லது அவல். சப்பாத்தி வேண்டும் என்பவர்களுக்குச் சோள ரொட்டி, அரிசி ரொட்டி. கோதுமை மாவு இழுபடுவது குளூட்டனால். அரிசி மாவுக்கும் சோள மாவுக்கும் அது இல்லை, பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிரும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் மாவுச்சத்து வெந்து பசையாகி ஒட்டிக்கொள்ளும். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, பிறகு இலையை உரித்தெடுங்கள்.

பரோட்டாவுக்கு மட்டும் மாற்று கிடையாது. பொய் சொல்ல எனக்கு மனசில்லை. கொத்து பரோட்டா ஆசையை வேண்டுமானால் இலங்கைக்காரர்கள் மாதிரி இடியாப்பக் கொத்துப் போட்டுத் தணித்துக்கொள்ளலாம். கொத்துகிற கல் தனிக் கல்லாக இருக்க வேண்டும்.

இனிதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம். அரிசிச் சோறு, பருப்பு, ரசம் என்று சுத்தமாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு ஏன் தேறவில்லை என்று தேடினால் பெருங்காய டப்பாவில் போய் நிற்கும். பெருங்காயப் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமானது. கோந்தும் மாவும் கலந்துதான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். அரிசி மாவு கலந்ததை வாங்குங்கள், இல்லையென்றால் பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். அப்பளத்திலும் பெருங்காயம் உண்டு. சோயா சாஸில் கோதுமை இருக்கும், அதனால் கோபி மஞ்சூரியன் போச்சு. பெரும்பாலான சத்துமாவு பானங்களில் பார்லியும் கோதுமையும்தான் முதல் சரக்கு. ஹோட்டலில் ரவா தோசை வார்த்த அதே கல்லில் உங்கள் தோசையும் வரும்.

அப்புறம் மாவு மில். ‘குளூட்டன் இல்லை’ என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு கிலோ கேழ்வரகில், முன்னால் அரைத்தவருடைய கோதுமை மாவு ஒரே ஒரு கிராம் கலந்தாலே 100 மில்லிகிராம் ஆகிவிடும், சட்டம் சொல்வதைப் போல ஐந்து மடங்கு. மில்லின் வாயில் கட்டியிருக்கும் அந்தத் துணிக் குழாயை உதறிப் பாருங்கள், ஒரு கிராமா வரும்? அதிகாலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மாவு கல்லுக்குள் இருக்கும். அதனால் சீலியாக் உள்ள வீட்டில் மில்லை மறந்துவிடுங்கள். கேழ்வரகை ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் ஈரமாகவே அரைத்துவிடலாம், உளுந்தோடு சேர்த்தால் தோசை. உலர் மாவு வேண்டுமென்றால் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக. சல்லடை தனி. மில் வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்க வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் உங்களிடமே வரட்டும்.

முட்டை சுலபம். கேக்கில் முட்டை செய்கிற வேலையைத் தயிரும் சமையல் சோடாவும் செய்யும். எக்லெஸ் கேக் இல்லாத பேக்கரி இப்போது எங்கே இருக்கிறது? ஒரு முட்டையின் 6 கிராம் புரதம் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் வந்துவிடும். முட்டை ஆகாத பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்குக் கேக்கில் நன்றாக வெந்த முட்டை தாங்கும் என்கிறார்கள். ஆனால் அதை மருத்துவமனையில் சோதிக்க வேண்டும், வீட்டு அடுப்படியில் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பால், முட்டை ஒவ்வாமை வளர வளர விலகிவிடும். ஆறு வருஷத்துக்கு முந்தைய சீட்டை இன்னும் வைத்துக்கொண்டு பயப்படாமல் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேர்க்கடலை ஆகாதவர்களுக்குச் சட்னியில் பொட்டுக்கடலை, கடலை மிட்டாய்க்குப் பதில் பொரி உருண்டை என்று வழி இருக்கிறது. எண்ணெயில்தான் ஒரு கண்ணி. சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை, பெரும்பாலோருக்குத் தாங்கும். மரச்செக்கு எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். உடம்புக்கு நல்லது என்று இரண்டு மடங்கு காசு கொடுத்து வாங்கும் எண்ணெயே இவர்களுக்கு விஷம். செக்கு நல்லெண்ணெயும் எள் ஆகாதவர்களுக்கு அப்படியே. இவர்கள் ரேஷன் பாமாயிலில் பொரித்துச் சாப்பிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைக்குழந்தைக்குக் கடலையைத் தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே சொன்னார்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து கிடியன் லாக் குழுவினர் நடத்திய சோதனை 2015-இல் அதைத் தலைகீழாக்கியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிலும், சீக்கிரமே கொடுக்கப்பட்டவர்களுக்குப் பின்னால் ஒவ்வாமை வந்தது மிகக் குறைவு. காரணமில்லாமல் விலக்குவதும் ஒரு செலவுதான். முழுக் கடலையாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். கூழில் மசித்துக் கொடுங்கள். ஏற்கெனவே கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையென்றால் டாக்டரைக் கேட்டுத்தான். இறால் ஆகாதவர்களுக்கு நான் மாற்று சொல்லப்போவதில்லை. அது இல்லாமல் வாழலாம்.

பள்ளிக்கூடம் பாக்கி இருக்கிறது. வீட்டில் எவ்வளவு பார்த்துச் செய்தாலும் பிள்ளை இரண்டு வேளை அங்கேதான் சாப்பிடுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வருகிறது. ரவையும் சேமியாவும் கோதுமை ரவையும் அதில் அடிக்கடி வரும். வெண்பொங்கலும் அரிசி உப்புமாவும் சீலியாக் பிள்ளைக்கு ஆகும். வாரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த நாள் ஆகாதோ அந்த நாளுக்கு மட்டும் இட்லி கட்டிக் கொடுத்தால் போதும், வாரம் முழுக்கத் தூக்குச் சட்டி சுமக்க வேண்டியதில்லை. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் பல வருஷமாக இருக்கிறது. அது சைவப் பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் அதையே கேட்கலாம். புதிதாக யாரும் ஆணை போட வேண்டாம். டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தலைமையாசிரியரிடம் ஒன்று, சத்துணவு அமைப்பாளரிடம் ஒன்று கொடுங்கள். சமைக்கிற அக்காவிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எந்தக் கரண்டி எந்த அண்டாவுக்குள் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பிள்ளையின் போட்டோவை ஒட்டி, ‘பால் ஆகாது, மூச்சுத் திணறினால் 108’ என்று பெரிய எழுத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் மாட்ட அனுமதி கேளுங்கள். அங்கே இருக்கும் பெருங்காய டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.